அறிவியல் புனைகதையில் ராட்சத எலிகள்: வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

சிறுகதை எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் உடனே பூதத்தைக் கூப்பிடுவார்கள். பேய் வரும், வேற்றுக்கிரகவாசி வருவான், சில சமயம் ஆளைவிடப் பெரிய எலியும் வரும். வரட்டும், தப்பில்லை. ஆனா வந்த எலி என்ன செய்கிறது என்று பாருங்கள். முதல் பத்தியில் ஆய்வுக்கூடத்தில் பச்சைத் திரவம் கொட்டும். இரண்டாம் பத்தியில் எலி யானை அளவுக்கு வளரும். மூன்றாம் பத்தியில் இராணுவம் வந்து சுடும். நான்காம் பத்தியில் அம்மா தட்டி எழுப்புவார், எல்லாம் கனவு. இப்படி ஒரு விடைத்தாளைத் திருத்தாத தமிழாசிரியர் நம்மில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்க்கலாம்.

இந்தக் கட்டுரை ஆசிரியர்களுக்கும் தேர்வெழுதும் மாணவர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்டது. அறிவியல் புனைகதை எழுத ஆயிரம் வழி இருக்க, எலியை மட்டும் நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எலி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதைப் பெரிதாக்கிப் பார்க்கும் வேலையை எழுத்தாளர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்து வருகிறார்கள். யார் எங்கே ஜெயித்தார், எங்கே சறுக்கினார் என்று பார்த்தாலே பூதம் எழுதும் கலையில் பாதி பிடிபட்டுவிடும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். இந்தப் பாடத்தை எடுத்தால் ஒரு மாணவராவது எழுந்து, "நம்மகிட்டயும் ராட்சத எலி இருக்கே சார், பிள்ளையார் வாகனம்!" என்பார். சரியான கேள்விதான். கயமுகாசுரன் பெருச்சாளியாக உருமாறி விநாயகரை எதிர்த்து வந்து, கடைசியில் அவருக்கே வாகனமானான் என்பது புராணம். அங்கே உருமாற்றத்துக்கு வரமும் தவமும் போதும். எப்படி மாறினான் என்று கேட்பவர் கதையைத் தவறான வாசலில் தட்டுகிறார். அறிவியல் புனைகதையில் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஏன் வளர்ந்தது, எதைத் தின்று வளர்ந்தது, யார் அதற்குப் பொறுப்பு என்ற மூன்றுக்கும் கதை தன்னளவில் பதில் வைத்திருக்க வேண்டும். பதில் நிஜ அறிவியலாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் காரணம் என்று ஒன்று இருந்து, அதற்குக் கதை கடைசிவரை கட்டுப்பட்டு நடக்க வேண்டும்.

வெல்ஸின் கோழிப்பண்ணை

எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரை 'கால இயந்திரம்' எழுதியவராகப் பலருக்குத் தெரியும். அவர் 1904இல் 'கடவுளரின் உணவு' என்ற நாவலை வெளியிட்டார். பென்சிங்டன் என்ற வேதியியலாளரும் ரெட்வுட் என்ற பேராசிரியரும் சேர்ந்து ஓர் உணவைக் கண்டுபிடிக்கிறார்கள். உயிர்களின் வளர்ச்சி சீராக நடப்பதில்லை, கொஞ்சம் வளர்ந்து, கொஞ்சம் நின்று, பிறகு மறுபடியும் வளர்கிறது என்பது ரெட்வுட்டின் கருத்து. நிற்கும் இடத்தில் நிற்காமல் தொடர்ந்து வளர வைத்தால் என்ன ஆகும்? இதுதான் கதையின் 'காரணம்'. ஒரே வரியில் சொல்லிவிடலாம், படிக்காதவருக்கும் புரியும், மந்திரம்போலவும் இல்லை.

சோதித்துப் பார்க்க கென்ட் மாவட்டத்தில் ஒரு பண்ணையை வாங்கி, ஸ்கின்னர் என்ற தம்பதியரை வேலைக்கு வைக்கிறார்கள். கோழிக்குஞ்சுகளுக்கு மட்டும்தான் அந்த உணவைக் கொடுக்க வேண்டும். ஆனால் ஸ்கின்னர் தம்பதியருக்குச் சுத்தம் ஆகாது. உணவு சிந்துகிறது. மிச்சம் மீதி திறந்தே கிடக்கிறது. கோழி தின்றதைக் குளவி தின்னுகிறது, எலி தின்னுகிறது, வேலியோரச் செடியும் உறிஞ்சுகிறது. ஓர் இரவு, குதிரை வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மருத்துவரை மூன்று பெரிய எலிகள் சாலையில் மறித்து, குதிரையின்மேல் பாய்கின்றன.

இங்கே வெல்ஸ் செய்த நல்ல காரியத்தைக் கவனியுங்கள். எலி பெரிதானது ஆராய்ச்சியால் என்று அவர் விட்டுவிடவில்லை. மூடாத பாத்திரத்தால் பெரிதானது. விஞ்ஞானிகள் லண்டனில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள், பண்ணைப் பக்கம் அடிக்கடி போய்ப் பார்க்கவில்லை, மலிவாகக் கிடைத்த ஆளை வைத்து வேலை வாங்கினார்கள். விளைவை அனுபவித்தவர் சம்பந்தமே இல்லாத ஒரு கிராமத்து மருத்துவர். நம் மாணவர் எழுதும் 'பைத்தியக்கார விஞ்ஞானி' இந்தக் கதையில் இல்லவே இல்லை. இருவரும் சாதுவான, கொஞ்சம் கவனக்குறைவான ஆட்கள். அதனால்தான் நம்ப முடிகிறது. உலகை அழிக்கத் துடிக்கும் விஞ்ஞானியை நீங்களும் நானும் சந்தித்ததில்லை. மூடி போடாமல் போனவர்களைத் தினமும் சந்திக்கிறோம்.

பிறகு கோஸர் என்ற பொறியாளர் ஆட்களைத் திரட்டி, யானை சுடும் துப்பாக்கிகளோடு போய் எலிகளைக் கொன்று, பண்ணையைக் கொளுத்துகிறார். கதை அங்கே முடிந்துவிடும் என்று நினைத்தால், இல்லை. அதே உணவைத் தின்ற குழந்தைகள் ராட்சதர்களாக வளர்கிறார்கள். சிறிய மனிதர்கள் அவர்களை என்ன செய்வது என்று தவிக்கிறார்கள். நாவலின் உண்மையான கேள்வி இனிமேல்தான் வருகிறது. எலி அதற்கு வாசல் மட்டும். எலியைக் கொல்ல யாரும் யோசிக்கவில்லை. குழந்தை என்று வரும்போது கை நடுங்குகிறது.

அந்தக் காலத்து வாசகருக்கு எலி சாதாரண விஷயம் இல்லை. 1894இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோதுதான் யெர்சின் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். 1896இல் அது பம்பாயை உலுக்கியது. எலியிடமிருந்து மனிதனுக்குத் தெள்ளுப்பூச்சி அதைக் கொண்டுவருகிறது என்று 1898இல் கராச்சியில் சிமோண்ட் காட்டினார். ஆக, எலிதான் எமன் என்று விஞ்ஞானமே சொல்லத் தொடங்கிய பத்தாண்டுக்குள் வெல்ஸின் எலி வந்தது. பூதம் எப்போதும் தன் காலத்துப் பயத்தைத் தின்றுதான் வளர்கிறது. நம் மாணவருக்கு அந்தப் பயம் எது என்று கேட்டுப் பாருங்கள். நீர்வீழ்ச்சியில் குளித்துவிட்டு வந்து எலிச் சிறுநீர்க் காய்ச்சலில் படுத்தவரைப் பற்றி ஒருவராவது கேள்விப்பட்டிருப்பார்.

அளவா, எண்ணிக்கையா?

இனி கொஞ்சம் கணக்கு. தமிழ் வகுப்பில் கணக்கா என்று முகம் சுளிக்காதீர்கள், இது கதைக்கு நேரடியாக உதவும்.

ஓர் எலியின் உடல் நீளம் 20 சென்டிமீட்டர், எடை 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால் நீளம் 2 மீட்டர். எடை? பத்து மடங்கு இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து மடங்கு ஆவதால் கன அளவு ஆயிரம் மடங்கு ஆகும். எனவே எடை 300 கிலோ. மலாயாப் புலி ஒன்றைவிட இரண்டு பங்குக்கு மேல் கனம். ஆனால் அந்தக் கனத்தைத் தாங்கும் கால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்குதான் கூடும். ஆக ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும் முன்பைவிடப் பத்து மடங்கு சுமக்க வேண்டும். எலியை அப்படியே பெரிதாக்கினால் கால் தாங்காது. தாங்க வேண்டுமென்றால் கால் தடிக்க வேண்டும், ஓட்டம் குறைய வேண்டும், சுவரில் ஏறும் வித்தையை மறக்க வேண்டும். பெரிய விலங்கின் எலும்பு ஏன் சின்ன விலங்கின் எலும்பைப் பெரிதாக்கிய வடிவில் இருக்க முடியாது என்பதைக் கலிலியோ 1638லேயே எழுதிவைத்தார்.

சாப்பாட்டுக் கணக்கு இன்னும் சுவாரசியம். எடை ஆயிரம் மடங்கு கூடினால் உணவும் ஆயிரம் மடங்கு தேவை இல்லை. 1932இல் கிளைபர் என்பவர் காட்டிய விகிதப்படி ஏறக்குறைய 180 மடங்கு போதும். சாதாரண எலி ஒரு நாளைக்கு 25 கிராம் தின்றால், நம் ராட்சத எலிக்கு நான்கரை கிலோ. யோசித்துப் பாருங்கள், ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத் தொட்டியில் ஓரிரவு சேரும் மிச்சமே அதற்குப் போதும். வயிறு நிறைந்த எலி எதற்கு மனிதனைத் தேடி வரவேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் மாணவருக்குக் கதை தானாகக் கிடைத்துவிடும். கடை மூடியிருக்கலாம். குப்பை அள்ளும் லாரி வராமல் போயிருக்கலாம்.

நிஜமான சிக்கல் இன்னொன்று. எலியின் பலமே அதன் எண்ணிக்கைதான். மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரே ஈற்றில் ஏழெட்டுக் குட்டி. பெரிய விலங்குகள் அப்படி இல்லை. யானை ஒரு கன்றைச் சுமக்க 22 மாதம் ஆகிறது. எலியைப் பெரிதாக்கினால், நியாயப்படி அதன் பெருக்கத்தைக் குறைக்க வேண்டும். அதோடு ஒளியும் வசதியும் போகும். கட்டை விரல் அளவு ஓட்டை இருந்தால் வீட்டுக்குள் வந்துவிடும் பிராணி, 300 கிலோ ஆன பிறகு எந்த ஓட்டையில் நுழையும்? அளவைக் கூட்டக் கூட்ட எலித்தனம் குறைகிறது. கடைசியில் மிஞ்சுவது வாலுள்ள கரடி.

எண்ணிக்கை என்றதும் திருவள்ளுவர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். படைமாட்சி அதிகாரத்தில் அவர் எலிக்கூட்டத்தைக் கொண்டுவந்து, அவை கடல்போல் திரண்டு ஒலித்தாலும் என்ன, ஒரு நாகம் மூச்சுவிட்டால் போதும் என்கிறார். வீரமில்லாத கூட்டத்துக்கு எலி உவமை. அறிவியல் புனைகதை எழுதியவர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். நாகத்தின் மூச்சுக்கும் அஞ்சாத எலிக்கூட்டம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். வகுப்பில் இந்தக் குறளைக் கற்பித்த கையோடு இந்தக் கேள்வியையும் போட்டுப் பாருங்கள். நான் போட்டிருக்கிறேன். பொருள் மனத்தில் நிற்கிறது.

லண்டனின் ஏழைப் பக்கம்

அளவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் சரியான இடத்தைப் பிடித்தவர் ஜேம்ஸ் ஹெர்பர்ட். 1974இல் வந்த அவருடைய முதல் நாவலின் பெயரே 'எலிகள்' தான். அவருடைய எலி நாயளவுதான். அதனால் சுவருக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் நுழையும், கூட்டமாகவும் வரும். காரணம் கதிரியக்கம். அணுகுண்டுச் சோதனை நடந்த தீவுப் பகுதியிலிருந்து ஒரு விலங்கியலாளர் கொண்டுவந்த எலி, லண்டன் எலிகளோடு கலந்து புது இனமாகிவிடுகிறது. கடித்தவுடன் சாகாமல் தப்பியவரும் நோயால் ஒரு நாளுக்குள் இறக்கிறார்.

ரத்தம் அதிகம் தெறிக்கும் புத்தகம் அது, நம் மாணவர் கையில் கொடுக்க மாட்டேன். ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் அமைப்பை. ஹெர்பர்ட் கிழக்கு லண்டனில் பிறந்து வளர்ந்தவர். கதையில் எலிகள் வருவதும் அதே கிழக்கு லண்டனில்தான். முதலில் கடிபடுபவர் வீடில்லாமல் திரியும் ஒருவர். செத்தால்கூடத் தேட ஆளில்லாதவர். அடுத்தடுத்துச் சாவுகள் நடந்து, சுரங்க ரயில் நிலையம், பள்ளிக்கூடம் என்று எலி ஏறி வந்த பிறகுதான் அதிகாரிகள் முழுசாக விழிக்கிறார்கள். கதாநாயகன் இராணுவ வீரனில்லை, விஞ்ஞானியும் இல்லை. ஹாரிஸ் என்ற ஓவிய ஆசிரியர்! நம் தொழில்காரர் என்பதால் சொல்லவில்லை (கொஞ்சம் பெருமைதான்). தான் வளர்ந்த ஏழைப் பகுதியிலேயே வேலை பார்க்கும் ஒருவரை நாயகனாக்கியதால், அந்தப் பகுதியை ஏன் இத்தனை காலம் இப்படி விட்டுவைத்தார்கள் என்ற கோபம் கதைக்குள் இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பூதம் யாரை முதலில் கடிக்கிறது என்பது கதையின் கருத்தைச் சொல்லிவிடும். இதை மாணவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

திரைக்கு வந்தபோது

சினிமாவில் ராட்சத எலி பட்ட பாடு தனிக்கதை. வெல்ஸ் நாவலின் ஒரு பகுதியை எடுத்து 1976இல் பெர்ட் ஐ. கோர்டன் படமாக்கினார். நிஜ எலிகளைச் சின்னஞ்சிறு வீட்டு மாதிரிகளுக்கு நடுவில் ஓடவிட்டு எடுத்தார்கள். ராட்சதக் குழந்தைகளின் கதை போய், எலி வேட்டை மட்டும் மிஞ்சியது. ஹெர்பர்ட் நாவலை வைத்து 1982இல் வந்த படத்தில் டாக்ஸ்ஹண்ட் என்ற குட்டைக்கால் நாய்களுக்கு எலி வேஷம் போட்டு ஓட விட்டார்கள். படத்தைப் பார்த்தால் சில இடங்களில் வாலை ஆட்டிவிடுமோ என்று நமக்கே பயமாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது ஜப்பான் கதை. காட்ஸில்லா வெற்றியைப் பார்த்த டாயேய் என்ற நிறுவனம், 'நெசுரா' என்ற பெயரில் ராட்சத எலிக்கூட்டப் படம் ஒன்றை 1964 வெளியீட்டுக்காகத் திட்டமிட்டது. நகர மாதிரிகளைக் கட்டி, நிஜ எலிகளை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து விட்டார்கள். எலியோடு தெள்ளுப்பூச்சியும் வந்தது. படப்பிடிப்புத் தளம் முழுக்கப் பரவியது. படம் பாதியிலேயே கைவிடப்பட்டது. அடுத்து அதே நிறுவனம் 1965இல் பறக்கும் ராட்சத ஆமையை வைத்துப் படமெடுத்தது. அதுதான் புகழ்பெற்ற 'கமேரா'. பெரிதாக்கிக் காட்ட நினைத்த எலி, சின்ன எலியாக இருந்தே ஒரு பூதப் படத்தைத் தோற்கடித்துவிட்டது.

நம் பக்கத்து வீட்டு ராட்சதன்

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் 1924இல் வந்த ஒன்றில், சுமத்ராவின் ராட்சத எலி என்று ஒரு பழைய வழக்கை ஹோம்ஸ் போகிறபோக்கில் குறிப்பிடுவார். உலகம் அந்தக் கதையைக் கேட்க இன்னும் தயாராகவில்லை என்பதுபோல் சொல்லி நிறுத்திவிடுவார். கோனன் டாயில் அதை எழுதவே இல்லை. பின்னால் வந்த எழுத்தாளர்கள் பலர் ஆளுக்கொரு விதமாக எழுதிப் பார்த்தார்கள். லண்டன்காரருக்குச் சுமத்ரா என்றால் கண்காணாத இடம், எந்தப் பூதமும் அங்கே இருக்கலாம். நமக்கோ மலாக்கா நீரிணையின் அக்கரை. நம் மாணவர் இந்தக் கதையை எழுதினால் அது வேறு மாதிரி இருக்கும் என்பது என் ஆசை.

சுமத்ராவில் பெரிய எலி நிஜமாகவே உண்டு. மலைப்பகுதியில் வாழும் ஒரு பெரிய எலியினம் அங்கேயும் இருக்கிறது, நம் சபாவின் கினபாலு மலையிலும் இருக்கிறது. சுமத்ராவின் பெயர் தாங்கிய மூங்கில் எலி தீபகற்ப மலேசியாவின் மூங்கில் காடுகளிலும் உண்டு. நான்கு கிலோ வரை வளரும், மண்ணைத் தோண்டி மூங்கில் வேரைத் தின்னும், மனிதனைப் பார்த்தால் வளைக்குள் போய்விடும். தென்னமெரிக்காவின் கேப்பிபாரா 50 கிலோவைத் தாண்டும். சிங்கப்பூரின் ரிவர் வொண்டர்ஸில் பார்த்திருப்பீர்கள், அதைப் பார்த்துப் பயந்தவர் எவரும் இல்லை. உருகுவேயில் கிடைத்த புதைபடிவம் ஒன்றில் கொறிக்கும் பிராணியின் மண்டையோடு மட்டுமே 53 சென்டிமீட்டர். 2008இல் முதலில் கணித்தவர்கள் எடை ஏறக்குறைய ஒரு டன் என்றார்கள், பிறகு வந்த கணிப்பு அதைப் பாதியளவுக்கு இறக்கியது. அதுவும் இலை தழை தின்றதுதான்.

ஆப்பிரிக்கப் பை எலியை அவசியம் வகுப்பில் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் எடை, மூக்கிலிருந்து வால்வரை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். அபோபோ என்ற அமைப்பு தான்சானியாவில் இவற்றுக்கு வெடிமருந்து வாசனையைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறது. கண்ணிவெடியை வெடிக்க வைக்கும் அளவுக்கு இவற்றுக்குக் கனமில்லை. கம்போடியாவில் வேலை செய்த மகாவா என்ற எலி நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் கண்டுபிடித்து, 2020இல் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பு ஒன்றிடம் தங்கப் பதக்கம் வாங்கியது. 2022 ஜனவரியில் இறந்தது. ராட்சத எலி என்று தலைப்புக் கொடுத்தால் எல்லாரும் கொலைகார எலியைத்தான் எழுதுவார்கள். மகாவாவைத் தெரிந்த மாணவர் வேறு ஏதாவது எழுதுவார்.

எலி என்று யாரைச் சொல்கிறோம்?

இந்தப் பகுதியை ஆசிரியர்கள் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். எலிக்கூட்டம் என்ற படிமத்துக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. 1940இல் நாஜிகள் எடுத்த பிரச்சாரப் படம் ஒன்றில் யூத மக்களின் இடப்பெயர்ச்சியையும் எலிக்கூட்டத்தையும் அடுத்தடுத்துக் காட்டினார்கள். இவர்கள் பரவுகிறார்கள், நோய் கொண்டுவருகிறார்கள், ஆகவே ஒழிக்கப்பட வேண்டியவர்கள் என்று பார்ப்பவர் மனத்தில் பதிய வைப்பதுதான் நோக்கம். அடுத்து நடந்தது உலகுக்குத் தெரியும். மனிதனை எலி என்று சொல்லிவிட்டால் அவனுக்கு என்ன செய்தாலும் தப்பில்லை என்றாகிவிடுகிறது. நம் புறநானூற்றிலும் எலியோடு ஒப்பிடப்பட்ட மனிதர்கள் உண்டு. நெற்கதிரைத் திருடிப் பதுக்கும் எலிபோல, இருப்பதைப் பிறருக்குக் கொடுக்காதவர்களோடு நட்பு வேண்டாம் என்கிறார் சோழன் நல்லுருத்திரன். ஆனால் அங்கே ஒப்புமை ஒருவரின் செயலுக்கு. அவர் பிறந்த இனத்துக்கோ, வந்த ஊருக்கோ இல்லை. இந்த வேறுபாட்டை இலக்கிய வகுப்பில் சொல்லியே ஆக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் படிவம் நான்கு மாணவர் ஒருவர் ராட்சத எலிக் கதை எழுதினார். நல்ல நடை, பிழையும் அதிகமில்லை. ஆனால் அவர் கதையில் எலிகள் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதியிலிருந்து வந்தன. அவர்கள் ஊரிலிருந்து வரும்போதே பெட்டிக்குள் கொண்டுவந்தார்கள் என்று ஒரு வரி. கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. பெரியவர்கள் பேசுவது பிள்ளைகள் காதில் விழத்தானே செய்யும். லயத்து வீடுகளில் குடியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

அடித்துவிட்டு "இது தவறு" என்று எழுதினால் மாணவர் அடுத்த முறை எலியையே எழுத மாட்டார். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: அந்த விடுதியின் குப்பையை அள்ள வேண்டியவர் யார்? ஒரு வாரம் கழித்துத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தார். இந்த முறை எலி முதலில் கடித்தது விடுதியில் தரையில் படுத்துத் தூங்கிய ஒருவரை. புகார் கொடுக்கப் போன அவரைப் பேசவிடாமல் திருப்பி அனுப்புகிறார்கள். எலி அடுத்து எங்கே போகிறது என்று அதன்பின் அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஹெர்பர்ட் பெயரை அந்தப் பையன் கேள்விப்பட்டதே இல்லை.

தேர்வுத் தாளில் எலி

மாணவர்களே, இனி உங்களுக்கு. தேர்வில் நேரம் குறைவு, பக்கமும் குறைவு. எனவே ஓர் எலி, ஓர் இடம், ஓர் இரவு போதும். நகரமே அழிய வேண்டாம். கீழே இருப்பது நாம் அடிக்கடி பார்க்கும் வகை:

"திடீரென்று ஒரு ராட்சத எலி வந்தது. அது மிகவும் பயங்கரமாக இருந்தது. அதன் கண்கள் சிவப்பாக இருந்தன. மக்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினர்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எலியை எடுத்துவிட்டுப் புலி, பேய், ரோபோ எதை வைத்தாலும் பத்தி அப்படியே நிற்கும். அப்படி நின்றால் அது எலியைப் பற்றிய பத்தி இல்லை. இதையே வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன்:

"ஐந்தாம் மாடிக் குப்பைக் குழாயில் மூன்று நாளாக எதுவும் கீழே இறங்கவில்லை. அடைத்துக்கொண்டிருக்கும் என்று காவலாளி நீளக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து குத்தினார். கம்பி பாதி தூரம் போய் மெத்தென்று எதன்மேலோ பட்டது. வெளியே இழுத்தார். வரவில்லை. உள்ளேயிருந்து மறுமுனையை ஏதோ பிடித்து இழுத்தது."

எலி என்ற சொல்லே இதில் வரவில்லை. பயங்கரம் என்ற சொல்லும் வரவில்லை. குப்பை மூன்று நாள் அள்ளப்படாதது காரணத்தைச் சொல்கிறது, குழாயின் அகலம் அளவைச் சொல்கிறது, இழுத்தது என்ற வினை அதற்குப் பலமும் புத்தியும் இருப்பதைச் சொல்கிறது. முழு உருவத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியிலேயே காட்டிவிட்டால் அப்புறம் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

சொல் விஷயத்தில் தமிழ் உங்களுக்குத் தாராளமாகவே கொடுத்திருக்கிறது. சுண்டெலி, வெள்ளெலி, பெருச்சாளி எல்லாம் ஒன்றல்ல. மூஞ்சூறு எலியே இல்லை, பூச்சி தின்னும் வேறு குடும்பம். எழுதும்போது றகரத்தை மறக்காதீர்கள். எலி வெறுமனே 'கடித்தது' என்று ஏன் எழுத வேண்டும்? கொறிக்கும், கரம்பும், குதறும், சுரண்டும். கதவின் அடிப்பக்கத்தைக் கரம்பும் சத்தமும், கூரைத் தகரத்தைச் சுரண்டும் சத்தமும் வேறுவேறு. வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எலி எதையாவது கொறித்துத்தான் ஆக வேண்டும். 2 மீட்டர் எலிக்கும் அதே விதிதான். அது எதைக் கொறிக்கும்? சிமெண்டுத் தூணையா, மின்கம்பியையா, தண்ணீர்க் குழாயையா? நீங்கள் தேர்ந்தெடுக்கும் பொருளிலிருந்தே அடுத்த சம்பவம் கிடைத்துவிடும். மின்கம்பி என்றால் இருட்டு. குழாய் என்றால் வெள்ளம்.

முடிவுக்கு இரண்டு தடை. கனவு என்று முடிக்காதீர்கள், இராணுவத்தைக் கூப்பிடாதீர்கள். எலி எந்தக் காரணத்தால் வந்ததோ அந்தக் காரணத்தில் கை வைத்தால் போதும். குப்பை லாரி வராததால் வந்த எலியென்றால், லாரி வரும் காலையில் கதை முடியலாம். லாரி ஓட்டுநர் வண்டியின் பின்கதவைத் திறப்பதற்கு முன் ஒரு கணம் காது கொடுத்துக் கேட்கிறார் என்று எழுதுங்கள். உள்ளே சத்தம் கேட்டதா இல்லையா என்பதை வாசகரிடம் விட்டுவிடலாம்.